சிக்கிள் செல் பிள்ளைக்கு ஜி6பிடி டெஸ்ட் எதற்கு?

சிக்கிள் செல் ரத்தசோகை என்று ஏற்கெனவே தெரிந்துவிட்ட பிள்ளைக்கு, டாக்டர் ‘ஜி6பிடி’ என்று இன்னொரு டெஸ்ட்டையும் எழுதிக் கொடுக்கிறார். “என்ன நோய்னுதான் தெரிஞ்சிருச்சே, இது எதுக்குங்க?” என்று அம்மாக்கள் கேட்பது நியாயமான கேள்வி. சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்வதால் இதை நான் அடிக்கடி கேட்கிறேன். ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து, இருட்டுவதற்குள் மலை ஏறிவிட வேண்டும் என்ற அவசரத்தில் நிற்கிறவர்களிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் சிக்கிள் செல். நம் சிவப்பணுவுக்குள் நிறைந்திருக்கும் புரதம் ஹீமோகுளோபின். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போய் உடம்பெங்கும் இறக்குவது அதுதான். அதன் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். சிக்கிள் செல் உள்ளவர்களுக்கு அந்த ஓரிடத்தில் மட்டும் வேலின் என்ற வேறு அமினோ அமிலம் வந்து உட்கார்ந்திருக்கும். இந்தச் சின்ன மாற்றத்தால், ஆக்சிஜனை இறக்கியதும் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளமான இழைகளாகிவிடுகின்றன. வட்டமாக, வளைந்து கொடுக்கிற அணு விறைத்துப்போய் கதிர் அரிவாள் வடிவத்துக்கு மாறுகிறது. மெல்லிய ரத்தக்குழாய்களில் அது சிக்கிக்கொள்ளும்போது கை, கால், முதுகு, நெஞ்சு எங்கே வேண்டுமானாலும் தாங்க முடியாத வலி வரும். சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அரிவாள் அணு 10 முதல் 20 நாளுக்குள் உடைந்துவிடும். ரத்தசோகை வருவது அதனால்தான்.

மருத்துவ உலகம் இந்த அணுக்களை முதலில் பதிவு செய்தது 1910-இல், சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற டாக்டர் மூலமாக. இந்தியாவில் இது இருப்பது முதலில் தெரியவந்தது நம் மாநிலத்தில்தான். 1952-இல் நீலகிரி மலைவாழ் மக்களிடம் கண்டுபிடித்தார்கள். மத்திய அரசு 2023 ஜூலையில் தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளில் 40 வயது வரை உள்ள சுமார் 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. திட்டத்தில் உள்ள 17 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

அந்தப் பரிசோதனையில் பார்ப்பது ஹீமோகுளோபினை மட்டும். கரைதிறன் சோதனையானாலும் எச்பிஎல்சி என்கிற விரிவான சோதனையானாலும் சரி, அதே அணுவுக்குள் இருக்கும் என்சைம்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஜி6பிடி தனி டெஸ்ட் ஆவது இதனால்தான்.

சரி, ஜி6பிடி என்றால் என்ன? குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ் என்பது முழுப்பெயர். அது ஓர் என்சைம், தமிழில் நொதி. ஹீமோகுளோபினுக்குள் இரும்பு இருக்கிறது, பக்கத்திலேயே எப்போதும் ஆக்சிஜனும் இருக்கிறது. இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இரும்பாலை உள்ள ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துரு பிடிப்பது போன்ற ஒரு ஆக்ஸிஜனேற்றச் சேதம் சிவப்பணுவுக்குள் இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்கும். அதைத் துடைத்துச் சரிசெய்ய குளூட்டாதயோன் என்ற பொருளை அணு வைத்திருக்கிறது. ஒரு முறை வேலை செய்து களைத்த குளூட்டாதயோனைத் திரும்ப வேலைக்குத் தயாராக்க என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறு வேண்டும். அந்த மூலக்கூறை உண்டாக்கும் வேலையைத் தொடங்கி வைப்பது ஜி6பிடி.

உடம்பின் மற்ற செல்களுக்கு இதற்கு வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு இல்லை. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது கொண்டுவந்த என்சைமை வைத்துக்கொண்டுதான் ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும். தீர்ந்துபோனால் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் ஏன் சில சமயம் தவறான பதிலைத் தருகிறது என்பது இதிலிருந்துதான் புரியும்.

ஜி6பிடி குறைவாக உள்ளவர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார்கள். உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது, அவர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது. சில மருந்துகளோ கடுமையான தொற்றோ வந்து அணுக்களைத் தாக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். சேதத்தைச் சரிசெய்ய ஆளில்லாமல் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். பிரைமாகுயின் என்ற மலேரியா மாத்திரை சிலருக்கு மட்டும் ஏன் ரத்தத்தை உடைக்கிறது என்று தேடிப் போனபோதுதான், 1956-இல், அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடித்தார்கள்.

இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படி வருகிறது?

ஒன்று இன்னொன்றைக் கொண்டுவருவதில்லை. சிக்கிள் செல் மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. சிக்கிள் செல் வந்ததால் என்சைம் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தனித்தனியாகப் பிறப்பிலேயே வந்த இரண்டு விஷயங்கள் ஒரே அணுவுக்குள் சந்தித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஆனால் உலக வரைபடத்தில் இரண்டும் கிட்டத்தட்ட அதே பகுதிகளில் அதிகம். காரணம் மலேரியா. சிக்கிள் செல் மரபணு ஒன்று மட்டும் உள்ளவர்களுக்கும், ஜி6பிடி குறைந்தவர்களுக்கும் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது. மலைக்காய்ச்சல் தலைமுறை தலைமுறையாக ஆட்டிப்படைத்த பகுதிகளில் இந்த மரபணுக்கள் தங்கிவிட்டது அப்படித்தான். யாருடைய தவறாலும் வந்ததில்லை. மருமகள் வீட்டு ரத்தம், மாமியார் வீட்டு ரத்தம் என்று பேச இதில் ஒன்றுமே இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்தப் பேச்சைப் பயந்தே டெஸ்ட் வேண்டாம் என்று போகிறவர்கள் இருக்கிறார்கள்.

நார்மல் என்று வந்த ரிப்போர்ட்

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இந்தப் பகுதிதான். சிக்கிள் செல் உள்ளவருக்கு ஜி6பிடி நார்மல் என்று வந்தால், அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

பரவலாகச் செய்யப்படுவது ஒளிர்வுச் சோதனை. ஒரு சொட்டு ரத்தத்தை வேதிப்பொருள் கலவையில் சேர்த்து, வடிதாளில் வைத்து, புற ஊதா விளக்கின் கீழ் பார்ப்போம். என்சைம் போதுமான அளவு இருந்தால் அந்தப் பொட்டு ஒளிரும், இல்லையென்றால் இருண்டு கிடக்கும். இன்னொன்று அளவுச் சோதனை. ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு எத்தனை யூனிட் என்சைம் வேலை செய்கிறது என்று எண்ணாகவே சொல்லும். இரண்டுமே நல்ல சோதனைகள்தான். ஆனால் இரண்டும் பார்ப்பது ஊசியில் எடுத்த அந்த நேரத்து ரத்தத்தை.

சிக்கிள் செல் உள்ளவரின் ரத்தம் வயதில் இளையது. பழைய அணுக்கள் சீக்கிரம் உடைந்துவிடுவதால் மஜ்ஜை ஓயாமல் புதியவற்றை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் அணுக்கள் ஆரோக்கியமானவருக்கு நூற்றுக்கு ஒன்று இரண்டு இருக்கும் என்றால், இவர்களுக்கு ஐந்தோ பத்தோ அதற்கு மேலோ இருக்கும். முன்பு சொன்னதை நினைத்துப் பாருங்கள். என்சைமைப் பிறக்கும்போது கொண்டுவந்து, வயதாக ஆக இழப்பதுதான் சிவப்பணுவின் வாழ்க்கை. அப்படியென்றால் இளம் அணுவிடம் என்சைம் அதிகமாகத்தானே இருக்கும்? இளம் அணுக்கள் நிறைந்த ரத்தத்தைச் சோதித்தால், பிறவியிலேயே குறைபாடு உள்ளவருக்கும் பொட்டு ஒளிர்ந்துவிடலாம்.

இது குறைபாட்டின் வகையைப் பொறுத்தும் மாறும். சாதாரண ஜி6பிடி என்சைம் பாதியாகக் குறைய சுமார் 62 நாள் ஆகும். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் வகையில் 13 நாளிலேயே பாதியாகிவிடும். அந்த வகையில் புது அணுவிடம் கிட்டத்தட்ட முழு அளவு என்சைமும், பழைய அணுவிடம் கொஞ்சமும் இருக்கும். அதனால் இளம் ரத்தம் ஏமாற்றிவிடும். மத்திய தரைக்கடல் வகை என்பதில் இளம் அணுவிலேயே என்சைம் மிகக் குறைவு, அதனால் ஒளிந்துகொள்வது கடினம். இந்தியாவில் இந்த மத்திய தரைக்கடல் வகையோடு, ‘கேரளா-கல்யாண்’, ‘ஒடிசா’ என்று பெயரிடப்பட்ட வகைகளும் அதிகம் காணப்படுகின்றன.

ஏமாற்றும் நேரங்கள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, ரத்தம் உடைந்த சில நாளிலேயே டெஸ்ட் எடுப்பது. என்சைம் குறைந்த பழைய அணுக்கள்தான் முதலில் உடைந்திருக்கும். மிஞ்சியிருப்பதும், மஜ்ஜை அவசரமாக அனுப்பியதும் என்சைம் உள்ள அணுக்கள். அப்போது நார்மல் வருவது இயல்பு. மற்றொன்று, ரத்தம் ஏற்றிக்கொண்ட பிறகு எடுப்பது. அப்போது அளப்பது ரத்ததானம் செய்தவரின் என்சைமைத்தான். இரண்டு நிலையிலும் சுமார் மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுப்பது நல்லது. ரத்தம் ஏற்றும் தேவை வருவதற்கு முன்பே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய பிள்ளைகளுக்கு மூன்று மாத இடைவெளியே கிடைக்காது. அவர்களுக்கு மரபணுச் சோதனை உதவும், ஏனென்றால் அணுவின் வயது அதைப் பாதிப்பதில்லை.

அதனால் ரத்தம் கொடுக்க வரும்போது ‘சிக்கிள் செல் இருக்கிறது’, ‘போன மாதம் ரத்தம் ஏற்றினோம்’, ‘போன வாரம் மஞ்சள் காமாலை மாதிரி வந்தது’ என்று பரிசோதனைக் கூடத்தில் தயங்காமல் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ரெட்டிகுலோசைட் எண்ணிக்கையையும் அதே ரத்தத்தில் பார்த்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் டாக்டருக்கு முழுப் படம் கிடைக்கும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான், அதில் குறை இருந்தால் எல்லா அணுவிலும் குறை. பெண்ணுக்கு இரண்டு. ஒவ்வொரு செல்லும் தன்னிடம் உள்ள இரண்டில் ஒன்றை அணைத்துவிடும். எனவே ஒன்றில் மட்டும் குறை உள்ள பெண்ணின் ரத்தத்தில் நல்ல அணுவும் குறை அணுவும் கலந்தே ஓடும். பொட்டு ஒளிரும், ஆனாலும் பாதி அணுக்கள் மருந்துக்கு உடையக்கூடும். பெண்களுக்கு அளவுச் சோதனை எடுப்பதே மேல்.

நோய் கூடுமா?

யோசித்துப் பார்த்தால் கூட வேண்டும். சிக்கிள் ஹீமோகுளோபின் சாதாரண ஹீமோகுளோபினைவிட அதிகமாக ஆக்ஸிஜனேற்றச் சேதத்தை உண்டாக்குகிறது, அதைச் சமாளிக்கும் என்சைமும் இல்லை என்றால் இரட்டை அடி. ஆனால் ஆய்வுகள் அவ்வளவு நேராகப் பதில் சொல்லவில்லை. 1988-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, என்சைம் குறைபாடும் உள்ள சிக்கிள் செல் நோயாளிகளுக்கு வலியோ ரத்தசோகையோ கூடுதலாக இல்லை என்றது. இளம் ரத்தமே ஓரளவு ஈடுகட்டிவிடுவதாக அதைப் புரிந்துகொள்ளலாம். பிறகு பிரான்சில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் பாதிக்கப்படும் அபாயம் கூடுவதாகச் சொன்னது. வேறு சில ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. சிக்கிள் செல் உள்ள குழந்தைகளுக்கு 2 வயதிலிருந்து 16 வயது வரை ஆண்டுக்கு ஒரு முறை தலையில் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். என்சைம் குறைபாடும் இருந்தால் அதைத் தள்ளிப்போடாமல் இருப்பது புத்திசாலித்தனம் என்பேன்.

அன்றாட வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் மருந்திலும் சில பொருள்களிலும்தான் வருகிறது.

தவிர்க்க வேண்டிய மருந்துகளில் நம் பக்கம் எதிர்ப்படக்கூடியவை: மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுயின், தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் தரும் டாப்சோன், நீர்க்கடுப்புக்குத் தரும் நைட்ரோஃபுரான்டாயின். ஆஸ்பத்திரிக்குள் மட்டும் பயன்படும் மெத்திலீன் புளூ, ராஸ்புரிகேஸ் இரண்டும் இந்தப் பட்டியலில் உண்டு. காய்ச்சலுக்கு வழக்கமான அளவில் பாராசிட்டமால் சாப்பிடலாம். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எந்த மாத்திரையையும் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் “நீர்க்கடுப்புக்கு ஒண்ணு குடுங்க” என்று வாங்குவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

பாச்சை உருண்டை, அந்துருண்டை என்று நாம் சொல்லும் நாப்தலீன் மருந்தே இல்லை, ஆனால் மருந்துகளுக்குச் சளைத்ததும் இல்லை. பிறந்த குழந்தையைப் பழைய மெத்தென்ற வேட்டியிலோ பருத்திப் புடவையிலோ சுற்றுவது நம் வீடுகளில் வழக்கம். அந்தத் துணி பீரோவில் அந்துருண்டையோடு மாதக்கணக்கில் கிடந்ததாக இருந்தால், அதன் ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் குழந்தைக்குள் போகும். என்சைம் குறைந்த குழந்தைக்கு அதுவே ரத்தத்தை உடைக்கப் போதும். இப்படிக் கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தைகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. துணி துவைத்து வெயிலில் காயட்டும், அந்துருண்டை வீட்டிலேயே வேண்டாம். மருதாணியும் அப்படித்தான். அதில் உள்ள லாசோன் என்ற நிறப்பொருள் என்சைம் குறைந்த கைக்குழந்தைகளுக்கு ஆபத்தாகியிருக்கிறது. பாப்பாவின் பிஞ்சுக் கைக்கு மருதாணி அழகுதான், இந்தக் குழந்தைகளுக்கு வேண்டாம்.

உணவில் தவிர்க்க வேண்டியது ஃபாவா பீன்ஸ் ஒன்று. வட இந்தியாவில் பாக்லா என்பார்கள், அரபு நாடுகளில் ‘ஃபூல்’ என்று காலை உணவாகவே சாப்பிடுவார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கெடுதல் செய்வது அதில் உள்ள வைசின், கான்வைசின் என்ற பொருள்கள். நெட்டில் ‘பீன்ஸ் கூடாது’ என்று மொட்டையாகப் படித்துவிட்டு அவரை, மொச்சை, துவரை எல்லாவற்றையும் பிள்ளைக்கு நிறுத்திவிடுகிறார்கள். அவையெல்லாம் வேறு செடிகள். ரத்தசோகையோடு வளரும் பிள்ளைக்குப் பருப்பையும் பயறையும் பிடுங்கிக்கொள்வது பெரிய அநியாயம்.

பிறந்த குழந்தையைப் பற்றி இன்னொன்று. சிக்கிள் செல் பிறந்தவுடன் தலைகாட்டாது. கருவில் இருந்த வகை ஹீமோகுளோபின் முதல் சில மாதங்கள் காப்பாற்றும், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கும். ஜி6பிடி குறைபாடோ பிறந்த சில நாளிலேயே மஞ்சள் காமாலையாக வந்து நிற்கலாம். அளவு மீறினால் மூளையைப் பாதிக்கும். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் காத்திருக்க முடியாது. கண்ணும் தோலும் மஞ்சளாகி, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெரிய பிள்ளைகளுக்கு வருவதை எப்படி அடையாளம் காண்பது? காபி பழம் பறிக்கிற டிசம்பர், ஜனவரிக் குளிரில் கை கால் எலும்பு வலி வந்தால் அது பெரும்பாலும் சிக்கிள் வலி. குளிர், தண்ணீர் குடிக்காதது, காய்ச்சல், அதிக உழைப்பு இவை அதைத் தூண்டும். என்சைம் குறைபாட்டால் ரத்தம் உடைவது வேறு மாதிரி. மருந்து சாப்பிட்டோ தொற்று வந்தோ ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் முகம் திடீரென்று வெளுக்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகும். வலி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சிக்கிள் செல் உள்ளவருக்குக் கண் எப்போதுமே லேசாக மஞ்சளாக இருப்பதால் மஞ்சளை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். பிள்ளை நன்றாக இருக்கும் நாளில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்ற எண்ணையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 8 இருக்கிற பிள்ளைக்கு இன்று 5 என்றால், பார்க்கிற டாக்டருக்கு அந்த ஒரு எண்ணே நிறையச் சொல்லும். நாட்டு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு வாரம் தள்ளும் விஷயமில்லை இது. இங்கே மஞ்சள் வருவது கல்லீரல் கெட்டதால் இல்லை, ரத்தம் உடைவதால்.

ரிசல்ட் வந்ததும் அதை சிக்கிள் செல் அட்டையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எடுத்தது, கடைசியாக ரத்தம் ஏற்றியது எப்போது என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். அட்டையை போட்டோ எடுத்து அப்பா, அம்மா, சித்தி எல்லோருடைய செல்போனிலும் வைத்துவிடுங்கள், அவசரத்தில் யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்று சொல்ல முடியாது.

அப்புறம் வீட்டில் வேறு யாருக்கு எடுக்க வேண்டும் என்ற கேள்வி. சிக்கிள் செல்லுக்கு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு மரபணு வர வேண்டும். இருவருமே ஒரு மரபணு மட்டும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும்போது இருவரும் அதே மரபணுவைச் சுமந்திருக்கும் சாத்தியம் கூடுகிறது. ஜி6பிடி கணக்கு வேறு. மகனுக்கு அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும், அப்பாவிடமிருந்து வராது. ஒரு பையனுக்குக் குறைபாடு என்று தெரிந்தால் அவன் அண்ணன் தம்பிகளுக்கும், அளவுச் சோதனையாக அம்மாவுக்கும் அக்கா தங்கைகளுக்கும் எடுக்க வேண்டும். பலரும் மறந்துவிடுகிற ஆள் தாய்மாமன். அம்மாவுக்கு அந்த மரபணு பாட்டியிடமிருந்து வந்திருந்தால், பாட்டியின் மகனான மாமனுக்கும் அது வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. சங்ககிரி லாரியிலோ திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலோ வேலைக்காக ஒடிசா, சத்தீஸ்கர் என்று போய்வருகிற மாமன் என்றால் அவசியம் எடுக்க வேண்டும். அங்கே கொசு கடித்து வைவாக்ஸ் மலேரியாவோடு திரும்பினால், கல்லீரலில் பதுங்கியிருக்கும் கிருமியை ஒழிக்க 14 நாளுக்குக் கொடுக்கும் மாத்திரை பிரைமாகுயின்தான்.